ஒன்றாம் எண் காலியில்லை

அத்தியாயம் 11

கோபியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிய லோகப்பிரியா, திங்கட்கிழமை காலை கிராஸ்கட் ரோட்டு அலுவலகத்தின் மாடிப்படியை ஒன்றும் அறியாதவளாகத்தான் ஏறினாள். அவள் இல்லாத நேரம் பார்த்து அவள் கணவன் சுரேந்தர் கம்ப்யூட்டரில் செய்த திருவிளையாடல் போன வாரமே நமக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

இந்த வாரம்தான் புத்தகத்தைக் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வார்த்தை. அவள் மாமனார் பாலுசாமி நடத்துவது ஒரு திருமணத் தகவல் மையம். 'எதையும் மூடி மறைக்காத மையம்' என்று வாசல் போர்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். பெண்ணுக்கு முன்னால் வந்து தட்டிப்போன வரன்கள், அது ஏன் தட்டிப்போனது என்பது வரை எல்லாவற்றையும் பெண்ணின் விவரச் சீட்டின் அடியில் அச்சடித்து மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவார். அட்டைக் குவியலாகக் கிடந்த அந்தத் தொழிலைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றியவள் லோகப்பிரியா. எம்.எஸ்ஸி. படித்த மருமகளுக்குச் சம்பளம் தர வேண்டாம் என்பது பாலுசாமி கண்டுபிடித்த கூடுதல் வசதி.

சூலூர் மில் முதலாளி பொங்கியண்ணன் மகளுக்கு வரன் பதிய வந்தபோதுதான் வில்லங்கம் ஆரம்பித்தது. மகள் பிரவீனாவுக்கு மெஷின் கொடுத்த எண் இருநூற்றுப் பதினாலு. அதைப் பார்த்ததும் அவர் முகம் வேப்பெண்ணெய் குடித்தது போலாகிவிட்டது.

"எம் புள்ளைக்கு இருநூத்திப் பதினாலுங்களா? என்ர காரு நெம்பரு ஒண்ணு. ஊர்க் கோயில்ல மொத மரியாத எனக்கு. இங்க வந்து நா கடேசில நிக்கோணுமாக்கு?"

லோகப்பிரியா அன்றைக்குப் பொறுமையாகவே சொன்னாள். இது வரிசையும் இல்லை, மரியாதையும் இல்லை. தங்கமணி என்று ஒன்பது பெண்கள் பதிந்திருக்கிறார்கள். அவர்களில் மூன்று பேருக்கு அப்பா பெயரும் பழனிச்சாமி. யார் யார் என்று பிரித்துத் தெரிந்துகொள்ள, ஒவ்வொரு பெயர் ஏறும்போதும் மெஷினே அடுத்த எண்ணைப் போட்டுக்கொள்கிறது. பஸ் டிக்கெட்டில் அச்சடித்த எண் மாதிரி. அதைக் காட்டி யாரும் ஜன்னல் சீட்டு கேட்பதில்லை.

பொங்கியண்ணன் பஸ்ஸில் போய் இருபது வருஷம் ஆகியிருந்தது. அவருக்கு அது புரியவில்லை.

இதுதான் முன்கதை.

அவள் கைப்பையை மேஜையில் வைப்பதற்குள், பின்னாலேயே படி அதிர ஏறி வந்தார் ஒரு அம்மாள். ஐம்பது வயதிருக்கும். கையில் மடித்த காகிதம். அவிநாசியில் அறுபது தறி ஓட்டும் கருப்பாத்தாள். மகன் கவினுக்குப் பெண் தேடுகிறவர்.

பாலுசாமி எழுந்து கும்பிட்டார். "வாங்க, வாங்க. உக்காருங்க. காப்பி சொல்லட்டுங்களா?"

"காப்பி எங்கீங்க ஓடிப்போகுது? மொதல்ல இதப் படிங்க. வாய்விட்டுப் படிங்க."

பாலுசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேடைப் பேச்சாளர் மாதிரி ஆரம்பித்தார். "பதிவு எண் ஒன்று. செல்வி பிரவீனா. தந்தை பொங்கியண்ணன், சூலூர். முன்பு வந்த வரன்: திருப்பூர். நிச்சயம் முடிந்தது. பெண்ணே மாப்பிள்ளையை நேரில் பார்த்து..."

அதோடு குரல் நின்றது.

"மேல படிங்க. தொண்டையில என்ன சிக்கிக்கிச்சு?" என்றார் கருப்பாத்தாள். பாலுசாமி படிக்காததால் தானே ஒப்பித்தார். "பெண்ணே மாப்பிள்ளைய நேர்ல பாத்து, விருப்பமில்லைன்னு சொன்னதால நின்னுது. இதானுங்களே போட்டிருக்குது? நிச்சயம் ஆன புள்ளைன்னு எங்கிட்ட ஒருத்தரும் சொல்லுல. பொங்கியண்ணன்கிட்டயே போன் போட்டுக் கேட்டேன். 'எவன் சொன்னான்'னு குதிக்கறாரு. அவரும் இங்கதான் வாராரு. வரட்டும். நா நகர மாட்டேனுங்க."

சொன்னபடியே சுவரோர நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்துகொண்டார்.

லோகப்பிரியா காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். பதிவு எண் ஒன்று. அவள் வைத்துவிட்டுப் போனது இருநூற்றுப் பதினாலு. எந்த மகானுபாவர் கை வைத்திருப்பார் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

உள்ளறையில் ஏ.சி.யின் நேர் கீழே சுரேந்தர் சாய்ந்திருந்தான். தலைக்கு மேலே, காந்திபுரத்தில் ஆறு மாதம் படித்து வாங்கிய கம்ப்யூட்டர் சான்றிதழ் சட்டம் போட்டுத் தொங்கியது. அந்த ஆறு மாதத்தில் ஒரு மாதம் கரண்ட் இல்லை, இன்னொரு மாதம் வாத்தியார் இல்லை.

"ஏனுங்க, பிரவீனா நெம்பர மாத்துனீங்களா?"

"அட, ஆமா. பெரிய மனுசன் கேட்டாரு. நீ முடியாதுன்னே. நா முடிச்சுப்போட்டேன்." அவன் முகத்தில் அத்தனை பெருமை. "அந்த இருநூத்திப் பதினால அழிச்சுப்போட்டு, ஒண்ணாம் நெம்பர்ல புதுசா ஏத்துனேன். ஒண்ணு காலியாத்தான கெடந்துது?"

"காலியாக் கெடந்துதுன்னு யாருங்க சொன்னா?"

"பேரு இல்லியே."

பேர் இல்லையாம். லோகப்பிரியா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இந்த மனிதனுக்கு எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது? வீட்டு வாசலில் பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டால் உள்ளே இருக்கும் சாமான் எல்லாம் மாயமாகிவிடும் என்று நம்புகிற ஆள்.

"ஆளோட பேரு, கொலம், கூட்டம், நட்சத்திரம் எல்லாம் ஒரு அட்டவணைல இருக்குதுங்க. அவங்களுக்கு வந்த வரன் எல்லாம் இன்னொரு அட்டவணைல. ரெண்டாவதுல பேரே கெடையாது. நெம்பர் மட்டுந்தான். பழைய ஒண்ணாம் நெம்பர்க்கு வந்த வரன் இன்னும் அங்கயே ஒக்காந்திருக்குது. நீங்க பிரவீனாவக் கொண்டுபோய் அந்த நெம்பர்ல ஏத்துனீங்க. அந்தக் கதை பூராவும் அவ தலைல ஏறிக்கிச்சு. இதுக்குத்தானுங்க ஒருத்தருக்குக் குடுத்த நெம்பர அவங்க போனாலும் இன்னொருத்தருக்குக் குடுக்கக் கூடாதுன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்."

சுரேந்தர் தலையைச் சொறிந்தான். "பழைய ஒண்ணு யாரு?"

அவள் அவனையே பார்த்தாள். மூளை அவ்வளவு தூரம் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு அவன் முகம் வெளிறிப்போனது.

"கலாமணியா?"

கலாமணியேதான். அவன் கூடப்பிறந்த தங்கை. மையம் திறந்த அன்று, முதல் அட்டை வீட்டுப் பெண்ணுக்கே இருக்கட்டும் என்று பாலுசாமி அவள் பெயரில்தான் எழுதினார். அட்டைகளை மெஷினில் ஏற்றியபோது மேலே இருந்ததும் அதுதான். திருப்பூர் வரன் நிச்சயமாகி, கலாமணி மாப்பிள்ளையை ஜவுளிக்கடை வாசலிலேயே நிறுத்தி, பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னது, கல்யாணம் நின்றது எல்லாம் அந்த அட்டையில் இருந்தது. பின்னால் ஈரோட்டு மஞ்சள் மண்டிக்காரர் வீட்டில் சொந்தக்காரர்கள் மூலமாகப் பேசி முடித்தபோது, அந்தப் பழைய நிச்சயத்தைப் பற்றிப் பாலுசாமி மூச்சுக்கூட விடவில்லை. 'கல்யாணம் முடிந்தது' என்று குறித்தால் போதும், அழிக்க வேண்டாம் என்று லோகப்பிரியா சொல்லச் சொல்ல, அப்பா பேச்சைக் கேட்டுச் சுரேந்தர் பெயரை அழித்தான். பெயரை மட்டும் அழித்தான்.

எதையும் மூடி மறைக்காத மையம், சொந்த வீட்டுக் கதையை மூடி மறைத்த லட்சணம் இதுதான்.

பாலுசாமி உள்ளே வந்து கதவைச் சாத்தினார். வேர்த்திருந்தது.

"அம்மணி, ஒண்ணும் பெருசில்ல. நீ வெளிய வந்து, நாந்தா தப்பா டைப் அடிச்சுப்போட்டேன்னு சொல்லீரு. கை தவறிப்போச்சுன்னு ஒரு வார்த்த. மன்னிப்பு கேட்டுக்க. முடிஞ்சுது."

"யாரோடதத் தப்பா அடிச்சேன்னு கேப்பாங்க மாமா."

"யாரோடதும் இல்லைன்னு சொல்லு. கம்ப்யூட்டரே எதையோ போட்டுருச்சுன்னு சொல்லு."

"கம்ப்யூட்டர் தானா நெம்பர் போடுமுங்க. திருப்பூர் மாப்பிள்ளையெல்லாம் தானாப் போடாது."

"அப்ப நீயா இட்டுக்கட்டுனதாச் சொல்லு!" பாலுசாமிக்குக் குரல் உயர்ந்தது. வெளியே ஆள் இருப்பது ஞாபகம் வந்து உடனே இறங்கியது. "பொங்கியண்ணன் வந்துட்டே இருக்காரு. அவரு புள்ள பேரு கெட்டுதுன்னா நம்ம மையத்த இழுத்துப் பூட்டோணும். உண்மையச் சொன்னா கலாமணி பொழப்பு போயிரும். ஈரோட்டுல அவ மாமியாளப் பத்தித் தெரியுமில்ல? நீ ஒருத்தி பொறுத்துக்கிட்டா எல்லாம் சரியாப் போகுது."

நீ ஒருத்தி. இந்த வீட்டில் எந்தக் குப்பை சேர்ந்தாலும் அள்ளிப்போட ஒருத்தி இருக்கிறாள். பெருமை பீற்றியது அப்பன், அழித்துத் தொலைத்தது மகன், எண்ணுக்கு ஆசைப்பட்டது ஊரான். கை தவறியது மட்டும் அவள். அவளுக்கு எரிச்சலில் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் கலாமணியை நினைத்ததும் அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது. அவள் வாழ்க்கையை வைத்து ரோசம் காட்ட லோகப்பிரியாவுக்கு மனசு வரவில்லை. பிரவீனாவையும் அப்படி விட முடியாது. சூலூரிலிருந்து அவிநாசி வரை தறி ஓடுகிற ஊரெல்லாம் இந்நேரம் அந்தப் பெண்ணைப் பற்றிப் பேச ஆரம்பித்திருக்கும்.

"பத்து நிமிசத்துல வாரேன்" என்று எழுந்தாள்.

"எங்க போறே?"

"சம்பந்தப்பட்டவங்ககிட்டக் கேக்கறதுக்கு."

அலுவலக போனில் மருமகள் எஸ்.டி.டி. போட்டு வெளியூர் பேசாமலிருக்க மாமனார் பூட்டுப் போட்டிருந்தார். அதனால் கீழே மஞ்சள் போர்டு பூத்துக்குப் போனாள். கண்ணாடிக் கூண்டுக்குள் வெந்துகொண்டே ஈரோட்டு நம்பரைச் சுழற்றினாள். நல்லவேளையாகக் கலாமணியே எடுத்தாள்.

லோகப்பிரியா சுற்றி வளைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். "நா பழியேத்துக்கிட்டா இப்போதைக்கு அடங்கிரும் கலா. உண்மையச் சொன்னா உங்கூடு வரைக்கும் வரும். நீ சொல்றதத்தான் செய்வேன். உங்கப்பா சொல்றத இல்ல."

அப்போது லைனில் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. லோகப்பிரியா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"அண்ணி" என்றாள் கலாமணி, மெதுவாக. "எங்கூட்டுக்காரர்கிட்ட நா கல்யாணத்துக்கு மிந்தியே சொல்லீட்டேன். அவருக்குத் தெரியும். அத்தைக்குத்தான் தெரியாது."

"உங்கப்பாவுக்கு?"

"அவருக்கு என்னதான் தெரியும்?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஊரையே கட்டிக்காப்பதாக நினைத்துக்கொண்டு பாலுசாமி இரண்டு வருஷமாக வேர்த்துக்கொண்டிருப்பதை நினைத்துச் சிரித்தார்கள்.

பிறகு கலாமணியின் குரல் மாறியது. "அந்தத் திருப்பூர்க்காரன் முன்னாடி போய் நின்னப்ப எனக்குக் கைகாலெல்லாம் நடுங்குச்சு அண்ணி. நா எம்பொறப்புல தைரியமாச் செஞ்சது அது ஒண்ணுதான். அதை எங்கப்பா அழிச்சுப்போட்டாரு. இப்ப வேற யாரோ புள்ள பேருல போய் நிக்குது, அவளும் அதுக்கு வெக்கப்படோணுமாக்கு. வேண்டாம். அது ஒண்ணாம் நெம்பர்ல எம்பேருலயே இருக்கட்டும். அத்தைகிட்ட நானே பேசிக்கறேன். நீங்க சொல்லீருங்க."

லோகப்பிரியா "சரி கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

அவள் மேலே வந்தபோது ஒன்றாம் நம்பர் கார் வாசலில் பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. பொங்கியண்ணன் வெள்ளைச் சட்டையும் சிவந்த முகமுமாக நடு ஹாலில் நின்றார்.

"எம் புள்ள எந்தத் திருப்பூர்க்காரனப் பாத்தாளுங்க? காலேஜு விட்டா ஊடு, ஊடு விட்டா காலேஜு. அவளப் பத்தி இப்படி அச்சடிச்சு ஊரூராத் தபால்ல அனுப்பீருக்கீங்களே, உங்களுக்கு எத்தன தைரியம் இருக்கோணும்?"

பாலுசாமி கையைப் பிசைந்தார். "கோவிச்சுக்காதீங்க. எங்க மருமக ஊருக்குப் போற அவசரத்துல கை தவறி டைப் அடிச்சுப்போட்டா. சின்னப் புள்ள. இதா வந்துட்டா. சொல்லம்மணி."

சுரேந்தர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். தரையில் பார்க்க ஒன்றுமில்லை. பெண்டாட்டி முகத்தைப் பார்க்கும் யோக்கியதை இல்லாதவன் வேறு எங்கே பார்ப்பான்?

"நா ஒண்ணும் தப்பா அடிக்கலீங்க" என்றாள் லோகப்பிரியா. "அந்த வரி பிரவீனாவுக்கு உண்டானது இல்ல. ஒண்ணாம் நெம்பர்க்கு உண்டானது. ஒண்ணாம் நெம்பர் ஏற்கனவே வேறொருத்தருக்குக் குடுத்தது. நீங்க ஒண்ணுதான் வேணும்னு கேட்டீங்க. இவரு குடுத்துட்டாரு. நெம்பரோட சேர்ந்து அவங்க கதையும் வந்துருச்சு."

"யாருக்குக் குடுத்தது?" என்றார் கருப்பாத்தாள்.

"அம்மணி..." என்றார் பாலுசாமி. அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

லோகப்பிரியா கருப்பாத்தாளின் தலைக்கு மேலே கையைக் காட்டினாள். சுவரில் மையத்தின் திறப்பு விழாப் படம் மாட்டியிருந்தது. குத்துவிளக்கின் பக்கத்தில் பாலுசாமி பல்லெல்லாம் தெரிய நிற்கிறார். அவர் கையிலிருந்து முதல் அட்டையை வாங்கிக்கொண்டு, பட்டுப் பாவாடை தாவணியில் கலாமணி. அட்டையில் கொட்டை எழுத்தில் எண் ஒன்று.

"எங்க நாத்தனாருங்க. பேரு கலாமணி. அவகிட்டக் கேட்டுட்டுத்தான் சொல்றேன். அது எம்பேருலயே இருக்கட்டும்னு அவளே சொன்னா."

கருப்பாத்தாள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுப் படத்தை ஆற அமரப் பார்த்தார்.

"இந்தப் புள்ளையா? ஒரு ஆளுக்கு முன்னால போய் நின்னு வேண்டாம்னு சொன்னாளா?" பெருமூச்சு விட்டார். "எனக்கு அந்த வாயி இல்லாமப் போச்சே. இருந்திருந்தா முப்பது வருசம் மிச்சமாயிருக்கும்."

பிறகு பாலுசாமியிடம் திரும்பினார். அந்தப் பார்வையில் கொஞ்சமும் இரக்கமில்லை. "எதையும் மூடி மறைக்காத மையமுங்களா? போர்டக் கழட்டி வெச்சுப்போடுங்க சாமி. மழையில நனையுது."

பொங்கியண்ணனுக்கு நிம்மதி வந்தது. மகள் பெயரிலிருந்த கறை துடைத்தாயிற்று. ஆனால் எண்ணைப் பார்த்தார். இன்னொரு வீட்டுப் பெண்ணின் நின்றுபோன நிச்சயத்தைச் சுமந்த எண். இரண்டு எட்டு பின்னால் நகர்ந்தார். ஒன்றைப் பார்த்து அவர் பின்வாங்கியது அவர் ஆயுசிலேயே அன்றுதான்.

"அம்மணி, எனக்கு அந்தப் பழைய நெம்பரே போதுமுங்க. இருநூத்திப் பதினாலு. அது நல்ல நெம்பருதானுங்க. கூட்டுனா ஏழு வருது."

"அது போயிருச்சுங்க. அழிச்ச நெம்பர் திரும்ப வராது. திரும்ப வரக் கூடாதுன்னுதான் இவ்வளவு நேரமும் சொல்லீட்டிருந்தேன்." லோகப்பிரியா கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்து பிரவீனாவின் பெயரைப் புதிதாக ஏற்றினாள். மெஷின் தன் பாட்டுக்கு அடுத்த எண்ணைப் போட்டது. "இருநூத்தி முப்பத்தொண்ணு. கடைசில ஒண்ணு இருக்குதுங்க. பாத்துக்கங்க."

மில் முதலாளி மறுபேச்சுப் பேசாமல் அந்த எண்ணை எழுதி வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கருப்பாத்தாளுக்கு முந்தானையால் வாயை மூடிக்கொண்டும் சிரிப்பு அடங்கவில்லை.

அவர்கள் இறங்கிப் போன பிறகு பாலுசாமி வாய் திறந்தார். "என்ர புள்ள குடியக் கெடுத்துப்போட்டியே" என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. மேஜை மேலிருந்த போன் அடித்தது. நீளமான எஸ்.டி.டி. மணி. அவர் கையை நீட்டினார், பாம்பைத் தொட்டவர் மாதிரி இழுத்துக்கொண்டார். சுரேந்தரின் பார்வை இன்னும் தரையிலேயே இருந்தது.

லோகப்பிரியாதான் எடுத்தாள். கலாமணி என்று நினைத்து, "சொல்லு கலா" என்றாள்.

"கலா இல்ல. கலாவோட மாமியா பேசறேன்." அதட்டிப் பழகிய குரல். "எங்கூட்டுல ஒரே லைன்ல ரெண்டு போனு இருக்குது கண்ணு. ஒண்ணு ஹால்ல, ஒண்ணு என்ர ரூம்புல."

லோகப்பிரியாவுக்கு அந்த 'டொக்' இப்போதுதான் காதில் விழுந்தது.

"அந்த ஒண்ணாம் நெம்பரு சீட்டு இருக்குதே" என்றது குரல். அதில் கோபமா, வேறு ஏதாவதா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. "அதுல எம்மருமக பேரையே போட்டு, நல்லாத் தெரியற மாதிரி ஒண்ணு அடிச்சு வையி. நா நாளைக்கு நேர்ல வாரேன். கலாவையும் கூட்டீட்டு வாரேன். உங்க மாமனார எங்கியும் போக வேண்டாம்னு சொல்லு."